அவள் எடுத்த மரம்

உதவி செய்தே ஆளை ஒரு வழி பண்ணிவிடுகிறவர்கள் உண்டு. கேட்காமலே செய்வார்கள். வேண்டாம் என்று சொன்னாலும் செய்வார்கள். செய்து முடித்துவிட்டு நம் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள், நாம் சிரித்தாக வேண்டும். கதவுக்காரர் அந்த ரகம்.

முப்பது வருஷமாகக் கதவும் ஜன்னலும் செய்கிற பட்டறை அவருடையது. தெருவில் பாதி வீட்டுக் கதவுகள் அவர் கைப்பட்டவை. அடைமழையில்கூட ஒன்றும் இறுக்கிக்கொள்ளாது. கெட்ட மனிதர் இல்லை. குடி கிடையாது, கை நீட்டுவது கிடையாது, குரலை உயர்த்திப் பேசியதுகூடக் கிடையாது. இதைச் சொல்லிச் சொல்லியே இருபத்தாறு வருஷமாக அவர் மனைவியின் வாயை எல்லோரும் அடைத்து வைத்திருந்தார்கள். அவளுக்குச் செருப்பு வாங்குவது அவர். பீரோவில் எந்தத் தட்டில் எது இருக்க வேண்டும் என்று வைத்தது அவர். அவள் மூக்குக் கண்ணாடிக்கு ஃபிரேம் பார்த்து எடுத்ததும் அவர்தான். அவள் வேலை பார்ப்பதே கண்ணாடிக் கடையில் என்பதுதான் இதில் வேடிக்கை.

கடையின் பின்னறையில் மெஷின் முன்னால் உட்கார்ந்து, ஃபிரேமுக்குத் தக்கபடி லென்ஸின் விளிம்பைத் தேய்த்துக் கொடுப்பது அவள் வேலை. அரை மில்லிமீட்டர் தப்பினால் லென்ஸ் குப்பைக்கூடைக்குப் போகும். ஒருநாள் பல் டாக்டர் ஒருத்தி, கண்ணாடியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நேராகப் பின்னறைக்கே வந்துவிட்டாள். உள்ளே வரக் கூடாது என்று கதவில் எழுதி ஒட்டியிருக்கிறது. டாக்டர் அதையெல்லாம் படிக்கிற ஆள் இல்லை.

"அக்கா, பல்லு பாக்கும்போது நல்லாத்தான் தெரியுது. அம்பு விடும்போது குறி மங்குது."

"என்ன விடும்போது?"

"அம்பு."

மூடிக்கிடந்த ஒரு ஆலைக்குப் பின்னால் இருந்த மைதானத்தில், ஞாயிற்றுக்கிழமை காலையில் எட்டொன்பது பேர் கூடி அம்பு விடுகிறார்கள் என்பது அப்படித்தான் அவளுக்குத் தெரிந்தது. எல்லாம் மர வில். ஆள் உயரத்துக்கு, ஒரே மரத்தில் அவரவர் கையால் செய்தது. புதுக் கண்ணாடி சரியாக இருக்கிறதா என்று பார்க்கத்தான் போனாள். டாக்டர் தன் வில்லை நீட்டி, "சும்மா இழுத்துப் பாருங்கக்கா" என்றாள். நாற்பத்தொன்பது வயசில், கைப்பையை மண்ணில் போட்டுவிட்டு இழுத்தாள். அம்பு குறிக்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை. காம்பவுண்டுச் சுவரில் மோதி இரண்டாக முறிந்தது. அவளுக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் தோள் வலித்தது. வலிக்க வலிக்கச் சிரித்துக்கொண்டே போனாள்.

ஞாயிறுதோறும் போக ஆரம்பித்தாள். அந்த மைதானத்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. இரண்டு வருஷம் வரைக்கும் இரவல் வில்லில் விடலாம். அதற்குப் பிறகு சொந்த வில் வேண்டும். அந்த முதல் வில்லுக்கான மரத்தை அவரவர்தான் எடுக்க வேண்டும். பிளக்க உதவுவார்கள், கத்தி இரவல் தருவார்கள். ஆனால் இந்த மரம், அந்த மரம் என்று யாரும் விரல் நீட்டிக் காட்டக் கூடாது. மரத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் பாதி வில் என்று அவர்கள் நினைத்தார்கள்.

யாரும் விரல் நீட்டக் கூடாது என்று ஒரு சட்டம் உலகத்தில் எங்கேயாவது இருக்கும் என்றே அவள் நினைத்ததில்லை.

கடைக்கு நாலு கட்டடம் தள்ளி, டெலிபோன் ஆபீஸ் வளாகத்தில் வண்டி நிறுத்த இடம் பண்ணுவதற்காக ஒரு பெரிய மல்பெரி மரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். நீளமாக ஐந்து துண்டுகள். மூன்று நாள் சாப்பாட்டு நேரத்தில் அவள் அங்கேயே கிடந்தாள். லென்ஸில் கீறல் பார்க்கிற பூதக்கண்ணாடியை எடுத்துப் போய், வெட்டுமுகத்துக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து வளையங்களை எண்ணினாள். மரம் வருஷத்துக்கு ஒரு வளையம் போடும். வளையம் தடிமனாக இருந்தால்தான் வில்லுக்கு நல்லது. பட்டையில் ஓடுகிற கோடுகளை விரலால் கீழிருந்து மேல்வரை தொட்டுக்கொண்டே போனாள். காவலாளி முதல் நாள் விரட்டினான், இரண்டாம் நாள் வேடிக்கை பார்த்தான், மூன்றாம் நாள் அவள் உட்காரப் பழைய நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து போட்டான்.

ஐந்தில் பார்க்க லட்சணமாக இருந்தது கடைசித் துண்டு. தூண் மாதிரி நேர். யாராக இருந்தாலும் அதைத்தான் எடுத்திருப்பார்கள். ஆனால் அதன் பட்டைக் கோடுகள் மெல்ல முறுக்கிக்கொண்டு ஏறின. பட்டை முறுக்கினால் உள்ளே மரமும் முறுக்கும், பிளந்தால் திருகிக்கொண்டு வரும். அதைத் தள்ளினாள். மூன்றாவது துண்டு லேசாக நெளிந்திருந்தது, நடுவில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு கணு. ஆனால் கோடுகள் அடியிலிருந்து நுனிவரை, மரம் நெளிந்த இடத்தில் கூடவே நெளிந்து, ஒன்றையொன்று விட்டுக்கொடுக்காமல் ஏறின.

அன்றைக்குக் கூட வந்திருந்த டாக்டர் அவள் பின்னால் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின் கட்டிக்கொண்டு நின்றாள். கை தப்பித் தவறி எதையாவது காட்டிவிடுமோ என்ற பயமாக இருக்கும்.

"இதுதான்" என்றாள் அவள்.

"நல்லாப் பாத்தாச்சா?"

"பாத்தாச்சு."

"அப்ப ஆப்பக் குடுங்க" என்றாள் டாக்டர். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் முகத்தில் இருந்த சிரிப்பை அவளால் மறைக்க முடியவில்லை.

ஆப்பு வைத்துப் பிளந்ததில் நல்ல துண்டு ஒன்று தேறியது. ஆட்டோவில் குறுக்கே வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

"இதென்ன விறகு?" என்றார் கதவுக்காரர்.

"வில்லு பண்ண."

அவர் குனிந்து பார்த்தார். தொழில் புத்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் பார்த்தார். "கோணலா இருக்கே. கணு வேற. ஏம்மா, எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கக் கூடாதா? பட்டறையில நல்ல தேக்கு கெடக்கு. நூல் பிடிச்ச மாதிரி இருக்கும். அரை மணி நேர வேல."

"வேண்டாங்க. இத நானே பண்ணணும். நீங்க இதத் தொடாதீங்க."

"நான் எதுக்குத் தொடப்போறேன்" என்றார் அவர். சொன்னபோது அது பொய் இல்லை. தொடப்போகிறோம் என்று அவருக்கே தெரியாது.

பச்சை மரம் காய வேண்டும். இரண்டு முனைகளிலும் மெழுகை உருக்கி ஊற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்தாள். மாதம் ஒருமுறை வெளியே இழுத்து, கொக்கித் தராசில் தொங்கவிட்டு எடை பார்த்துக் காலண்டரில் குறிப்பாள். எடை குறைகிற வரைக்கும் மரத்தில் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். நாத்தனார், அதாவது கதவுக்காரரின் அக்கா, ஒருநாள் வந்திருந்தபோது இதைப் பார்த்துவிட்டு, "பச்சப் புள்ளைக்குக்கூட இப்படி மாசாமாசம் எடை பாத்திருக்க மாட்டே" என்றாள். உண்மைதான். பிள்ளைகளுக்கு எடை பார்த்ததும் கதவுக்காரர்தான்.

பதினாலாவது மாதம் எடை குறைவது நின்றது.

அதற்குப் பிறகுதான் பெரிய வேலை. வில்லை இழுக்கும்போது குறியைப் பார்த்திருக்கிற பக்கம், வில்லின் முதுகு, இழுபடும். அந்த முதுகு ஒரே வளையமாக, நுனியிலிருந்து நுனிவரை எங்கேயும் வெட்டுப்படாமல் இருந்தால் தாங்கும். ஒரே ஒரு இடத்தில் வளையம் அறுந்திருந்தாலும் அங்கேதான் பிளக்கும். அதனால் பட்டையையும் அதற்கடுத்த வெள்ளையையும் சீவி எடுத்து, உள்ளே வைரம் பாய்ந்த மஞ்சள் மரத்தில் ஒரு வளையத்தைப் பிடித்து, அதையே விடாமல் துரத்திக்கொண்டு போக வேண்டும். மரம் மேடானால் மேடாக, பள்ளமானால் பள்ளமாக. கணு இருக்கும் இடத்தில் சுற்றிலும் சின்னக் குன்று மாதிரி விட்டுவிட வேண்டும். மூன்று வாரம் சாயங்காலமெல்லாம் அவள் பால்கனியில் பூதக்கண்ணாடியும் கத்தியுமாக உட்கார்ந்திருந்தாள். லென்ஸ் தேய்த்துத் தேய்த்துப் பழகிய கை, எங்கேயும் தப்பவில்லை. முடித்த அன்று முதுகைத் தடவிப் பார்த்தாள். நெளிந்து, மேடு பள்ளமாக, அவலட்சணமாகத்தான் இருந்தது. இவ்வளவு அழகான ஒன்றை நான் செய்திருக்கிறேனா என்று அவளுக்கே நம்ப முடியவில்லை.

அந்த வாரக் கடைசியில் கடைக்குப் புது மெஷின் வந்தது. அதில் பழக அவளை மூன்று நாள் வெளியூருக்கு அனுப்பினார்கள்.

திரும்பி வந்தபோது கதவுக்காரர் வாசலிலேயே நின்றார். முகமெல்லாம் சிரிப்பு. "கண்ண மூடு" என்றார். கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். "இப்பத் தெற."

சாப்பாட்டு மேஜைமேல் பழைய போர்வை விரித்து, அதன்மேல் மரம் கிடந்தது. முதலில் அவளுக்கு அடையாளமே தெரியவில்லை. நெளிவு போய்விட்டது. கணு போய்விட்டது. நாலு பக்கமும் மட்டம் பிடித்து, உப்புத்தாள் போட்டு, வார்னிஷ்கூட ஒரு கோட்டிங் அடித்திருந்தார். பட்டறையின் இழைப்பு மெஷினில் விட்டு எடுத்திருக்கிறார்.

"பாத்தியா? நூல் பிடிச்ச மாதிரி. மூணு வாரமா நீ கஷ்டப்படுறதப் பாத்து எனக்கு மனசு கேக்கல. பூ எப்படி விழுந்திருக்கு பாரு!"

பூ விழுந்திருந்தது. முதுகு நெடுக ரேகைகள் கூர்கூராக, மேஜைப் பலகையில் தெரியுமே அந்த மாதிரி. ஒவ்வொரு கூரும் ஒரு வளையம் அறுந்த இடம். அவள் எண்ணிப் பார்த்தாள். பதினொன்று.

அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. "தொடாதீங்கன்னு சொன்னேனே" என்றாள்.

"உன் நல்லதுக்குத்தானே பண்ணினேன்."

"வளையம் எல்லாம் அறுந்துபோச்சுங்க. இழுத்தா இது உடைஞ்சிடும்."

கதவுக்காரர் சிரித்தார். கோபமே இல்லாத சிரிப்பு. "முப்பது வருஷமா மரத்தோடயே கெடக்கிறவன்கிட்ட சொல்றியா? நான் இழைச்சது எது உடைஞ்சிருக்கு? போய்க் கால் கழுவிட்டு வா, காபி போடறேன்."

காபியும் போட்டுக் கொடுத்தார். அதுதான் அவரிடம் இருக்கிற கஷ்டம்.

ஞாயிற்றுக்கிழமை அதைத் துணியில் சுற்றி மைதானத்துக்குக் கொண்டுபோனாள். டாக்டர் பிரித்து, முதுகை விரலால் தடவிப் பார்த்தாள்.

"யாரு?"

"வீட்டுக்காரர்."

டாக்டர் வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னாள். அப்புறம் கொஞ்சம் அடங்கி, "இத அப்படியே வளைக்காதீங்கக்கா. ஒண்ணு தூக்கிப் போடுங்க. இல்லேன்னா முதுகு மேல கெட்டியான லினன் துணிய ரெண்டு அடுக்கா ஒட்டுங்க. துணி பிடிச்சுக்கும், பொழைச்சுக்கும். எங்கிட்ட இருக்கு, தர்றேன்" என்றாள்.

அவள் யோசித்தாள். துணி ஒட்டினால் வில் பிழைக்கும். அவர் அதைப் பார்த்துவிட்டு, பார்த்தியா உடையல என்பார். ஆயுசு முழுக்க அந்த வில்லைச் சுவரில் மாட்டி வைத்து, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டுவார்.

"வேண்டாம் டாக்டர்" என்றாள்.

"அப்ப என்ன பண்ணப்போறீங்க?"

"முடிக்கப்போறேன்."

முடித்தாள். ஏனோதானோ என்று செய்யவில்லை. அரம் போட்டு, சீவி, வில்லின் இரண்டு பாதியும் ஒரே மாதிரி வளைகிறதா என்று நூறு தடவை பார்த்து, கண்ணும் கருத்துமாகச் செய்தாள். நாண் ஏற்றி மெல்ல மெல்ல இழுத்தபோது அது அவ்வளவு ஒழுங்காக வளைந்தது. ஒருவேளை தாங்கிவிடுமோ என்றுகூட ஒருநாள் தோன்றியது. தாங்கினால் நன்றாக இருக்குமே என்றும் தோன்றியது. அடுத்த நாள் பாதி தூரத்துக்கு இழுத்தபோது முதுகில் ஒரு கூர் மயிரிழை அளவுக்கு எழும்பியது. பூதக்கண்ணாடியில் மட்டும் தெரிகிற அளவு. அவள் நாணை இறக்கினாள். அதற்கு மேல் அதை அவள் இழுத்துப் பார்க்கவில்லை.

கதவுக்காரருக்கோ தலைகால் புரியவில்லை. பட்டறையில் எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது. ஒரு விடுமுறை நாள் காலையில் பட்டறை ஆட்கள் இரண்டு பேரையும் அக்காவையும் வரச்சொல்லி, வீட்டுக்குப் பின்னால் இருக்கும் முற்றத்தில் பழைய மெத்தையைச் சுவரில் சாய்த்து வைத்தார். "நாங்க ரெண்டு பேரும் சேந்து பண்ணினது" என்று வில்லைத் தூக்கிக் காட்டினார்.

நாங்க ரெண்டு பேரும். அவள் வில்லை வாங்கி நாணை ஏற்றினாள்.

"நீயே மொதல்ல விடும்மா" என்றார்.

"நீங்க விடுங்க."

"நானா?" அவருக்கு அது பெருமையாக இருந்தது. வில்லை வாங்கிக் காலை அகட்டி நின்றார். "எவ்வளவு தூரம் இழுக்கலாம்?"

இந்த இடத்தில் அவள் வாயைத் திறந்து பாதி என்று சொல்லியிருக்கலாம். வேண்டாம், கீழே வையுங்க என்று சொல்லியிருக்கலாம். அவர் தலையில் அடிபட வேண்டும் என்று அவள் ஆசைப்படவில்லை, சத்தியமாக இல்லை. அவர் கையிலேயே அது உடைய வேண்டும். உடைந்ததைப் பார்த்து, ஐயோ நான் கெடுத்துவிட்டேனே என்று ஒரே ஒரு தடவை அவர் சொல்ல வேண்டும். இருபத்தாறு வருஷத்துக்கு அது ஒன்று போதும் என்று இருந்தது அவளுக்கு.

"காது வரைக்கும் இழுங்க" என்றாள்.

இழுத்தார். பலமான கை. அவள் ஒரு மாதமாகத் தாண்டாத இடத்தை ஒரே மூச்சில் தாண்டினார். பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம். மேல்பாதி முறிந்து திரும்பி வந்து அவர் நெற்றியில் அடித்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டார். புருவத்துக்கு மேலே தோல் கிழிந்து ரத்தம் மூக்கோரமாக வடிந்தது.

"ஐயோ தம்பி!" என்று அலறினாள் அக்கா.

முதலில் ஓடியது அவர் மனைவிதான். கொடியில் காய்ந்த துண்டை இழுத்து நெற்றியில் வைத்து அழுத்தினாள். கண்ணில் படவில்லையே, கண்ணில் படவில்லையே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒரு அங்குலம் கீழே பட்டிருந்தால் கண் போயிருக்கும்.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்றார் கதவுக்காரர். அவர் கை மண்ணில் துழாவி, முறிந்த துண்டை எடுத்தது. கட்டைவிரலால் முறிவைத் தடவினார். கூராக எழும்பியிருந்த இடத்தில் விரல் நின்றது. இன்னொரு தடவை தடவினார். தொழில் தெரிந்த விரல். கண்டுபிடித்துவிட்டார் என்று அவள் நினைத்தாள்.

"உள்ள மரமே சரியில்ல" என்றார். "மேல இழைச்சதாலதான் இவ்வளவாவது தாங்கியிருக்கு."

பட்டறை ஆட்கள் இரண்டு பேரும் எட்டிப் பார்த்துத் தலையாட்டினார்கள்.

"மரம் நல்ல மரம்ங்க" என்றாள் அவள். குரல் அவளுக்கே கேட்காத மாதிரி இருந்தது. இன்னும் சத்தமாகச் சொன்னாள். "நீங்க முதுக இழைச்சதாலதான் உடைஞ்சுது. அன்னைக்கே சொன்னேன்."

"அண்ணி, அண்ணன் இழைச்ச மரம் எங்கயாவது உடைஞ்சு பாத்திருக்கீங்களா?" என்றான் ஒருவன். கேலியாகக்கூடச் சொல்லவில்லை.

"உடையும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான்…"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"தெரிஞ்சுதான்?" என்றாள் நாத்தனார்.

அதைச் சொன்னால்தான் நம்புவார்கள். வேறு எதைச் சொன்னாலும் நம்ப மாட்டார்கள். உடையும் என்று தெரிந்துதான் காது வரைக்கும் இழுக்கச் சொன்னேன் என்று ஒரு வார்த்தை. துண்டு நனைந்து அவள் விரல்களெல்லாம் சிவப்பாக இருந்தன.

"ஒண்ணுமில்ல அண்ணி" என்றாள்.

"பயந்துட்டா, பாவம்" என்றார் கதவுக்காரர். ஒரு கண்ணை ரத்தத்துக்காக மூடிக்கொண்டு, இன்னொரு கண்ணால் அவளைப் பார்த்துச் சிரித்தார். "மனசு விட்டுறாத. மொத தடவ யாருக்கும் மரம் பாக்கத் தெரியாது. அடுத்த தடவ நானும் கூட வர்றேன். நல்ல மரமாப் பாத்து நானே எடுத்துத் தர்றேன்."

"இந்த மாதிரி ஒரு புருஷன் யாருக்குக் கெடைக்கும்" என்றாள் நாத்தனார்.

அவள் துண்டை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். கதவுக்காரர் அவள் கையின்மேல் தன் கையை வைத்து, இப்படி இல்லை, இன்னும் கொஞ்சம் மேலே என்று நகர்த்தி வைத்தார்.